பாய்த்துணியும் வீட்டுத் தையல் இயந்திரமும்

நம் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே நல்லவாட்டுக் கடற்கரை. இக்கரை நெடுகிலும் ஒரு காலத்தில் கட்டுமரங்கள் பருத்தித் துணிப் பாய் விரித்தே ஓடின.

1851-இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரமும், 1930-களில் கல்கத்தாவில் பிறந்த உஷாவும் சட்டை, ரவிக்கைக்கென்று வீடுகளுக்கு வந்தவை. வார்ப்பிரும்பு உடலாயிற்றே, எதையும் தைக்கும் என்பார்கள். அது வெறும் பெருமைப் பேச்சு. 18-ஆம் எண் ஊசி பூட்டி, தையலை நீளமாக்கி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் இரண்டு மடிப்புக் கித்தான் பணியும். கயிறு சேரும் ஓரமோ நான்கு மடிப்பு. ஊசிக்குக் கீழே நுழையாது, திணித்தால் ஊசி ஒடியும். பாய், சேணம் தைக்கச் சிங்கர் கம்பெனியே 7-ஆம் வகுப்பு என்று தனி இயந்திரம் செய்தது இதனால்தான். அது கிட்டாதவருக்குக் கோணி ஊசியும் கைப்பலமுமே துணை. ஓரத்தையல் நடுக்கடலில் பிரிந்தால் போவது துணி மட்டுமல்லவே!

1980-களில் மோட்டார் பரவியது, பாய்கள் சுருண்டன.