அடுப்புச் சாம்பலும் பூனைத் தொட்டியும்



ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்னு சொல்லுவாங்க. இன்றைக்குப் பூனையின் காலம். ஆனால் பூனையின் அழகைப் பற்றியோ சமர்த்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அது வீட்டுக்குள்ளே பண்ணி வைக்கிற அசிங்கத்தைப் பற்றித்தான் பேச்சு. சிரிக்காதீங்க. வீட்டிலே முழுகாமல் இருக்கிற பெண் இருந்தாலும் சரி, பட்டியிலே சினையாடு நின்றாலும் சரி, இது அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

எலிக்காக வந்த விருந்தாளி

கொல்லிமலைத் திருப்புலி நாட்டுக்காரர்களுக்குப் பூனையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பேரிலேயே புலி இருக்கிறது. வீட்டுக்குள்ளே அதன் சின்னத் தம்பி இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் வீட்டில் சேர்த்து வைத்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வேண்டும். உலகம் முழுவதும் பூனை மனிதனோடு சேர்ந்த கதை இதுதான். சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியில், மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தானியம் விளைவித்த காலத்திலேயே பூனையும் கூட வந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிகிறது.

பூனையின் முன்னோர்கள் வறண்ட பிரதேசத்து விலங்குகள். கொஞ்சம் தண்ணீரிலே பிழைக்கிற உடம்பு அதற்கு. அதனால் அதன் மூத்திரம் கெட்டியானது, நாற்றமும் அதிகம். மலத்தைப் பொலபொலவென்ற மண்ணில் குழி பறித்து மூடுவது அதன் சுபாவம். மலையிலே அடைமழை பிடித்துக்கொண்டால் வெளியிலே எங்கே பார்த்தாலும் சேறு. அப்போது பூனை என்ன செய்யும்? காய்ந்த, பொலபொலப்பான இடத்தைத் தேடும். அது நேராக அடுப்புச் சாம்பலுக்குத்தான் வந்து சேரும்.

சாம்பல் வேலை செய்வது எப்படி?

நம்ம பாட்டிமார் பூனை அசிங்கம் பண்ணின இடத்தில் ஒரு கை சாம்பலை அள்ளிப் போட்டு வழித்தெடுப்பார்கள். நல்ல வழக்கம். ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சிவிடும். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான். ஈரம் இருந்தால் நுண்கிருமிகள் அதை அம்மோனியா வாயுவாக மாற்றும். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். ஈரம் வற்றினால் கிருமியின் வேலையும் தளர்ந்துபோகும்.

நாமக்கல் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்க. ஆழ்கூளத்திலே கடலைத் தோலோ நெல் உமியோ தென்னைநார்க் கழிவோ பரப்பியிருப்பார்கள். கூளம் காய்ந்திருக்கிற வரைக்கும் பண்ணையில் நெடி இல்லை. நனைந்துவிட்டால் உள்ளே போகிற ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். பூனைத் தொட்டிக்கும் இதே கணக்குத்தான்.

சாம்பலில் ஒரு குறையும் உண்டு. அது காரத்தன்மை உள்ளது. நனைந்துபோன சாம்பல் அம்மோனியாவை அடக்காது, இன்னும் கிளப்பிவிடும். பூனையின் பாதத்தையும் புண்ணாக்கும். ஆகவே நனைந்த சாம்பலை உடனே எடுத்துவிட்டு, காய்ந்ததைப் போட வேண்டும்.

களிமண் பை பிறந்த கதை

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பூனைக்குச் சாம்பலும் மணலும்தான். மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்று ஒருவர், தகப்பனாரோடு சேர்ந்து, தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுகிற பொருள்களை விற்று வந்தார். 1947ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் அவரிடம் வந்தார். பூனைக்கு வைத்திருந்த மணல் பனியில் உறைந்துவிட்டது. சாம்பலைப் போட்டால் பூனை காலில் அப்பிக்கொண்டு வீடெல்லாம் கறுப்பாக்குகிறது என்று சொன்னார். லோ அவருக்கு, உறிஞ்சும் தன்மையுள்ள ஒரு களிமண்ணைக் குருணையாகக் கொடுத்தார். நம்ம ஊரில் முல்தானி மட்டி என்று முகத்துக்குப் பூசுகிறார்களே, அந்த ஜாதி மண். அது நன்றாக வேலை செய்தது. ஐந்து பவுண்டுப் பைகளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் சல்லிசாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்டாராம். அப்படியானால் சும்மாவே கொடுங்கள் என்றார் லோ. வாங்கிப் போனவர்கள் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வந்தார்கள். ஒரு பெரிய தொழில் அப்படித்தான் பிறந்தது.

1980களில் நனைந்தால் உப்பிக் கட்டியாகிற பென்டோனைட் களிமண் வந்தது. நனைந்த கட்டியை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். குஜராத்தில் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கிற பென்டோனைட் இந்த வேலைக்காகவும் வெளிநாடு போகிறது. நீங்க பயிர் பண்ணுகிற மரவள்ளியிலிருந்துகூடச் சில நாடுகளில் பூனை மணல் செய்து விற்கிறார்கள். மரவள்ளி மாவு நனைந்தால் ஒட்டிக் கட்டியாகுமே, அந்தக் குணத்துக்காகத்தான்.

நாற்றமில்லாத எதிரி

இதுவரைக்கும் சொன்னது நாற்றத்தை அடக்கின கதை. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று, நாற்றமே இல்லாமல் ஒளிந்திருந்தது. 1908ஆம் ஆண்டு துனிஸ் நகரத்திலும் பிரேசில் நாட்டிலும் விஞ்ஞானிகள் தனித்தனியே ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். டாக்சோபிளாஸ்மா என்று அதற்குப் பேர். தாய் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் இது போய்ச் சேரும் என்பது 1939இல் தெரிந்தது. செம்மறி ஆடுகள் கன்று வீசுவதற்கும், குட்டிகள் செத்துப் பிறப்பதற்கும் இது ஒரு காரணம் என்று 1957இல் நியூசிலாந்தில் கண்டார்கள். ஆனால் புல் தின்னும் ஆட்டுக்கு இது எங்கிருந்து வருகிறது? அது மட்டும் விளங்காமலே இருந்தது.

விடை பூனையின் மலத்தில் இருந்தது. 1965இல் ஸ்காட்லாந்தில் ஹட்சிசன் என்பவர் முதல் துப்பைக் கண்டார். 1970இல் பல ஆராய்ச்சிக்காரர்கள் அதை ருசுப்படுத்தினார்கள். இந்தியாவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வெளிநாடு போன ஜே.பி. துபே அவர்களில் ஒருவர். கடலுக்கு நடுவே பூனையே இல்லாத சில தீவுகளில் சோதித்தபோது, அங்கே இந்தத் தொற்று அபூர்வமாகத்தான் இருந்தது. பூனை உள்ள தீவுகளில் நிறைய இருந்தது.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம கோயம்புத்தூரிலேயே 2004ஆம் ஆண்டு தொடங்கி இந்தக் கிருமியால் கண்ணின் உட்பகுதி பாதித்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். அப்படிப்பட்ட 248 பேரைப் பற்றிக் கண் மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று கருதினார்கள்.

இதிலே ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கவனமாகக் கேளுங்க. பூனை போட்ட உடனே அந்த மலத்தால் தொற்று வராது. ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை காற்றும் ஈரமும் பட்ட பிறகுதான் கிருமிமுட்டை முதிர்ந்து தொற்றும் சக்தி பெறும். முதிர்ந்துவிட்டால் ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலேகூட உயிரோடிருக்கும். அப்போ என்ன அர்த்தம்? இன்றைக்குப் போட்டதை இன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். நாற்றம் வருகிறதா, பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் காரியம் மிஞ்சிப்போகும்.

வீட்டிலே செய்ய வேண்டியது

பழைய எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டி, விளிம்பை உள்ளே மடக்கி அடித்துவிடுங்க. தொட்டி தயார். நன்றாக ஆறின சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து மூன்று விரற்கடை உயரம் போடுங்க. சாம்பலில் கங்கு இருக்கக் கூடாது. சமைக்கிற இடத்துக்கும் தானியக் குதிருக்கும் எட்ட, நனையாத மூலையில் வையுங்க.

தினமும் ஒரு வேளை, மறக்காமல், மலத்தையும் நனைந்த சாம்பலையும் அள்ளி எடுங்க. ஊற்றுக்கும் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி ஒரு குழி வெட்டி, அதில் போட்டு மண் மூடுங்க. எருக்குழியில் போட வேண்டாம். வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவையுங்க. பிளீச்சிங் பவுடருக்கு இந்தக் கிருமிமுட்டை மசியாது. பினாயில் பூனைக்கே விஷம். வெந்நீர்தான் மருந்து.

முழுகாமல் இருக்கிற பெண்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம். வீட்டு ஆம்பளைங்க செய்யட்டும், கௌரவம் ஒன்றும் குறையாது. கர்ப்ப காலத்தில் முதல் தடவையாகத் தொற்றினால்தான் சிசுவுக்கு ஆபத்து அதிகம். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கேளுங்க. தோட்டத்து மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கறியை நன்றாக வேகவைத்தே தின்னணும், அரைவேக்காட்டுக் கறி வழியாகவும் இது வரும். பூனைக்கும் பச்சைக் கறித் துண்டு போடாதீங்க.

ஆடு வைத்திருக்கிறவர்கள் தீவனத்தையும் வைக்கோலையும் பூனை படுத்துப் புரளாதபடி மூடி வையுங்க. ஆடு கன்று வீசினால் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீங்க. நாய், பூனை இழுக்காதபடி ஆழப் புதையுங்க. கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்க. கன்று வீச்சுக்கு வேறு காரணங்களும் உண்டு; எது என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பூனையை அடித்து விரட்டிவிடாதீங்க. உங்க தானியத்தைக் காக்கிற ஜீவன் அது. தன் அசிங்கத்தைத் தானே மண் தள்ளி மூடுகிற சுத்தக்காரப் பிராணி. அது மூடி வைத்ததை அன்றன்றைக்கு எடுத்துப் போடுகிற வேலைதான் நம்முடையது. ஒரு கரண்டிச் சாம்பல், ஒரு நிமிஷ நேரம். அவ்வளவுதானுங்க செலவு.