கம்மாபுரம் வழக்கும் சித்திரவதைச் சான்றுகளும்

வரலாற்று மாணவர் சான்றுகளைத் தரம் பிரிக்கும்பொழுது அரசின் ஆவணத்திற்கு முதலிடமும் எளிய மக்களின் வாய்மொழிக்குக் கடையிடமும் தருவது நெடுங்கால வழக்கு. ஆவணம் நிகழ்ச்சி நடந்த அன்றே எழுதப்படுவது. வாய்மொழியோ காலத்தால் திரியும் இயல்பினது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். பெரும்பாலான பொருள்களுக்கு இவ்விதி பொருந்தும். ஆனால் அரசின் ஏவலரே குற்றம் புரிந்தவராக நிற்கும் இடத்தில், ஏட்டை எழுதுபவரும் அவரே ஆதலின், விதி தலைகீழாகிறது. இதனைக் கம்மாபுரம் வழக்கைக் கொண்டும், அதற்கு நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் முற்பட்ட சென்னை மாகாண விசாரணைக் குழுவின் அறிக்கையைக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கம்மாபுரம், விருத்தாசலத்திற்கும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கும் அண்மையில் உள்ள ஊர். அதனை அடுத்த முதனையில் வாழ்ந்தவர் இராசாக்கண்ணு, குறவர் குடியினர், கூலி வேலை செய்து பிழைத்தவர். 1993 மார்ச்சுத் திங்களில், அவர் அறுவடை வேலைக்குச் சென்றிருந்த ஊரில் நகை களவு போயிற்று. ஐயம் அவர்மேல் விழுந்தது. குறவர் என்றாலே களவோடு இணைத்துப் பார்க்கும் காவல் துறையின் பழக்கம், 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் எச்சம் ஆகும். சட்டம் 1952இல் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை.

அவர் மனைவி பார்வதியும் உறவினர் சிலரும் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அடிக்கப்பட்டனர். பின்னர் இராசாக்கண்ணு பிடிக்கப்பட்டார். மார்ச்சு 22ஆம் நாள் நிலையத்திற்குச் சென்ற பார்வதி, கணவர் ஆடையின்றிக் கட்டப்பட்டு அடியுண்டு கிடந்ததைக் கண்டார். அவரை ஊருக்கு விரட்டிவிட்டனர். ஊரை அடைந்தபொழுது, இராசாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்னும் செய்தி அவருக்கு முன்னரே வந்திருந்தது. மாவட்ட எல்லைக்கு அப்பால், அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டிக் காவல் எல்லையில், பெயர் தெரியாத ஆடவன் ஒருவனின் உடல் கிடைத்தது. ஒரு மாவட்டத்து ஏட்டில் ‘தப்பி ஓடினான்’ என்றும், மறு மாவட்டத்து ஏட்டில் ‘அடையாளம் தெரியாத பிணம்’ என்றும் இரு குறிப்புகள் தனித்தனியே இருந்தன. இவை இரண்டையும் இணைத்து நோக்க வேண்டிய கடமை எந்த அலுவலருக்கும் தோன்றவில்லை. இணைத்தது பார்வதியின் வாய்மொழியே.

இத்தகைய வாய்மொழி அரசால் முதன்முதல் பெருந்தொகையாகத் தொகுக்கப்பட்டதும் நம் மாகாணத்திலேதான். 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வாதத்தின் விளைவாகச் சென்னையில் மூவர் குழு ஒன்று அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புருஸ் நார்ட்டன் என்போர் அதன் உறுப்பினர். நிலவரி தண்டுவதற்காகச் செய்யப்படும் சித்திரவதையை ஆராய்வதே முதலில் இட்ட பணி. குற்ற ஒப்புதல் பெறக் காவலர் செய்யும் சித்திரவதையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் இவ்விரண்டும் வேறல்ல. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் காவல் பணியும் வரிப் பணியும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. வரி கேட்டு அடித்தவரிடமே, அடித்தார் என்று முறையிடவும் வேண்டியிருந்தது.

குழுவிற்கு 1,959 முறையீடுகள் வந்தன. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து நின்றோர். எஞ்சியவை மடல்வழி வந்தவை. இருப்புப் பாதை இல்லாத காலத்தில், நூறு கல்லுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்தும் குடியானவர் சென்னைக்கு வந்தனர் என்பதைக் கருதினால், அவ்வறிக்கையின் ஒவ்வொரு வரியும் எத்துணை நடையால் ஆயது என்பது விளங்கும். 1855 ஏப்ரலில் அறிக்கை முடிவுற்றது. வெயிலில் நிறுத்தல், குனிய வைத்து முதுகில் கல்லேற்றல், உணவிற்குச் செல்லவிடாது தடுத்தல், தலைமயிரைக் கழுதை அல்லது எருமையின் வாலில் பிணைத்தல், எலும்பு மாலை அணிவித்தல் முதலியன அதில் நிரல்படுத்தப்பட்டுள்ளன. உடலை வருத்துவதோடு மானத்தை அழிப்பதும் நோக்கம் என்பதற்கு இறுதியிற் கூறிய இரண்டும் போதும்.

அறிக்கையின் ஆங்கில நடைக்கிடையே இரண்டு தமிழ்ச் சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: கிட்டி, அண்ணாந்தாள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, கிட்டி என்பதற்குச் சிறுவர் விளையாட்டுக் கோலையும், கைகால்களை இடுக்கி வருத்தும் கோலையும் பொருளாகத் தருகிறது. கிட்டிப்புள் ஆடும் சிறுவர் இரண்டாம் பொருளை அறியார். அண்ணாந்தாள், தலையைத் தாழ்த்திக் காலோடு பிணைத்து நிறுத்துவது; திண்ணைப் பள்ளிகளிலும் இது தண்டனையாக வழங்கியது. ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் ஒரே கருவி இருந்தது என்பது தனியே ஆராயத் தக்கது.

இக்காலக் காவல் நிலைய வழக்கில் உள்ளங்காலில் அடிப்பதற்கு ‘இலாடம் கட்டுதல்’ என்று பெயர். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பர். பொற்கொல்லரின் குழூஉக்குறியை மாணவருக்கு எடுத்துக் காட்டும் நாம், காவலரின் குழூஉக்குறியைத் தொகுத்ததில்லை. ‘விசாரணை’ என்னும் சொல்லும் அவ்வாறே. நலம் விசாரித்தல் என்று அன்போடு வழங்கும் சொல், ‘விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்’ என்னும் தொடரில் கேட்போரை நடுங்கச் செய்கிறது. வாய்மொழிச் சான்றைப் பதிவு செய்வோர் இச்சொற்களை நாகரிகச் சொற்களாக மாற்றிவிடுதல் கூடாது. சொல்லைத் திருத்தினால் சான்று குறையும்.

1855 அறிக்கையைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடவும் இயலாது. கொடுமை நடந்தது என ஒப்பிய குழுவினர், பழியை இந்தியச் சிற்றலுவலர்மேல் ஏற்றி ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தனர். கார்ல் மார்க்சு 1857இல் நியூயார்க் நாளிதழொன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு எழுதியபொழுது, இம்முடிவு பொருந்தாமையைக் காட்டினார். ஆயினும், முறையிடுவோருக்கு நீதி கிட்டுவது எத்துணை அரிது என்பதைக் குழுவினர் மறைக்கவில்லை. 1859இன் சென்னைக் காவல் சட்டம் காவல் பணியை வரிப் பணியிலிருந்து பிரித்தது. 1860இன் தண்டனைச் சட்டம், ஒப்புதல் பெற வருத்தும் காவலரையும் வரி தண்ட வருத்தும் அலுவலரையும் 330ஆம் பிரிவில் எடுத்துக்காட்டாகவே கூறியது. காவலரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் விதித்தது. இவை மூன்றும் அக்காலப் பட்டறிவின் படிவுகள். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் தண்டனைப் பிரிவும் ஒப்புதல் பற்றிய விதியும் வேறு எண்களில் தொடர்கின்றன.

சட்டம் இருந்தது; 1993இல் கம்மாபுரத்தில் அது தானே இயங்கவில்லை. இயங்கச் செய்தவர் பார்வதியும் அவர் பக்கம் நின்ற சிலருமே. அவ்வூர்ப் பகுதியின் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சித் தொண்டர்கள் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தனர். வழக்கறிஞர் கே. சந்துரு, பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், கட்டணம் பெறாமல் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். அம்மனு பொதுவாக உறுதிமொழித் தாள்களைக் கொண்டே முடிவு செய்யப்படுவது. தாள்களை மட்டும் நோக்கினால், காவல் நிலைய ஏடு கொண்ட அரசும் ஏடு ஏதுமில்லாத பெண்ணும் சமமாகார். கேரளத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில் மறைந்த மாணவர் இராசனின் வழக்கில், அவர் தந்தை ஈச்சர வாரியரின் மனுவின்மேல் 1977இல் உயர் நீதிமன்றம் சாட்சிகளின் வாய்மொழியைக் கேட்டது. அம்முன்மாதிரி இங்கும் உதவிற்று.

‘தப்பி ஓடினான்’ என்னும் கூற்று கம்மாபுரத்திற்கே உரியதன்று. ஒரிசாவில் 1987 திசம்பரில் காவலில் இருந்த சுமன் பெகரா என்னும் இளைஞரின் உடல் இருப்புப் பாதையில் கிடந்தது; அங்கும் தப்பி ஓடினார் என்றே கூறப்பட்டது. அவர் தாய் நீலாபதி எழுதிய மடலையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, ஒன்றரை இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. அத்தீர்ப்பின் நாள் 1993 மார்ச்சு 24. கம்மாபுரத்து ஏட்டில் இராசாக்கண்ணு ‘ஓடிய’ நாளுக்கு இரண்டாம் நாள். காவலில் இருந்தவர் என்னவானார் என்பதற்கு விடை கூறும் கடன் அரசினுடையதே என்று அத்தீர்ப்பு நிறுவியது. இராசாக்கண்ணு வழக்கிலும் உயர் நீதிமன்றம் தப்பியோட்டக் கதையை ஏற்கவில்லை; இழப்பீடும் குற்றப் புலனாய்வும் விதித்தது. காவலர் குற்றவாளிகளே என்னும் உயர் நீதிமன்ற முடிவு 2006இல் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்.

மருத்துவச் சான்று பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1999இல் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கப்பட்டு 2022இல் திருத்தப்பெற்ற இசுதான்புல் நெறிமுறை, துன்புற்றவர் கூற்றுக்கும் உடற்குறிக்கும் உள்ள பொருத்தத்தை, ‘பொருந்தாது’ என்பது முதல் ‘இதனாலன்றி வேறொன்றால் நேராது’ என்பது வரை ஐந்து படிகளாக வகுக்கிறது. பாடவேறுபாடுகளை எடைபோடும் பதிப்பாசிரியருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. தழும்பு இல்லாமை கொடுமை நிகழாமைக்குச் சான்றாகாது என்பதும் அந்நெறிமுறையின் கருத்து. வெயிலில் நிறுத்தப்பட்டவனுக்கும் உணவு மறுக்கப்பட்டவனுக்கும் 1855இல் தழும்பு ஏது?

சான்று தருபவரைத் தாங்குவது தொண்டு, சான்றைத் திரட்டுவது ஆராய்ச்சி என்று இரண்டையும் பிரித்துவிடுவோர் உளர். கம்மாபுரம் வழக்கில் இப்பிரிவினை நிற்காது. தங்க இடமும் வழிச்செலவும் உடன் நிற்க ஆளும் இல்லாதிருந்தால், பார்வதியின் சொல் நீதிமன்ற ஏட்டில் ஏறியிராது; இன்று நாம் ஆராய ஏடும் இராது. ஆனால் அத்துணை தீர்ப்போடு நின்றுவிட்டது. 2021இல் இவ்வழக்கைத் தழுவி ‘ஜெய் பீம்’ என்னும் திரைப்படம் வந்த பின்னரே, முதுமையில் அவர் வறுமையில் வாழ்ந்தது நாடறிந்தது. நடிகர் சூர்யா பத்து இலட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்பாக அளித்தார். காவல் நிலையத்தில் தாமும் அடிபட்டவர் என்ற முறையில் அவருக்குரிய மருத்துவமும் மனத்தேற்றமும் இருபத்தெட்டு ஆண்டுகள் எவர் பொறுப்பிலும் வைக்கப்படவில்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய தென்னார்க்காடு மாவட்டப் பதிவேடுகள் உள்ளன. 1855 குழுவின்முன் தென்னார்க்காட்டிலிருந்து வந்தோரின் முறையீடுகளை அப்பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அவர்கள் ஊர் திரும்பிய பின் நிகழ்ந்தவற்றைத் தேடுவது முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. விருத்தாசலம் வட்டத்து ஊர்களிலிருந்து தொடங்கலாம்.