தலையில் அடி, வயிற்றில் புண்



தலையில் அடிபட்டு ஒருவர் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது வெளியே நிற்கும் குடும்பத்தார் கேட்பார்கள்: "அடி தலையில்தானே, வயிற்றுக்கு எதற்கு மருந்து? நெஞ்சில் எதற்கு ஒயர்?" பில்லை ஏற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்கான பதில் பழைய கதை.

1849-இல் பாரிசில் கிளாட் பெர்னார்டு என்ற உடலியல் அறிஞர் ஒரு முயலின் முகுளப் பகுதியில் ஊசியால் குத்தினார். (முகுளம் நினைவிருக்கிறதா? படம் வரைந்து பாகம் குறித்தீர்களே!) சற்று நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. குத்தியது மூளையில். சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியது கல்லீரல்.

பிறகு வந்தவர்தான் நம் கதாநாயகர், ஹார்வி குஷிங். அமெரிக்கர். 1901 வாக்கில், முப்பது வயதை ஒட்டிய இளம் டாக்டராக, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோக்கர் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். நாய்களின் மண்டையோட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி மூளையை நெருக்கிப் பார்த்தார். பாவம் அந்த நாய்கள். அந்தக் காலத்து ஆராய்ச்சி அப்படி.

உள்ளே அழுத்தம் கூடக் கூட, அதையும் மிஞ்சி ரத்த அழுத்தம் ஏறியது. நாடியோ மெதுவானது. காரணம் இதுதான். மண்டையோடு எலும்பு, விரியாது. உள்ளே அழுத்தம் ஏறினால் ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் முகுளம், உடம்பெங்கும் உள்ள குழாய்களைச் சுருங்கச் செய்து, ரத்தத்தை எப்படியாவது மேலே தள்ளப் பார்க்கும். தலைக்காயக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறி, நாடி தளர்ந்து, மூச்சும் தாறுமாறானால் இன்றும் டாக்டர்கள் பதறி ஓடி வருவது இதனால்தான். நெஞ்சில் ஒட்டிய ஒயர் அதைத்தான் காவல் காக்கிறது.

கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறோமே, அந்தக் கருவியை இத்தாலியில் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு போனவரும் இதே குஷிங்தான்.

முதல் உலகப் போரில் மண்டையில் குண்டடிபட்ட சில வீரர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறந்ததை 1918-இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் பதிவு செய்தார்.

வயிற்றுக்கு வருவோம். குஷிங் பிற்காலத்தில் மூளை அறுவையில் உலகப் புகழ் பெற்றார். ஆனால் மூளைக் கட்டியை எடுத்த பிறகு சில நோயாளிகள் இரைப்பைப் புண் ஓட்டையாகி இறந்தார்கள். அதை மறைக்காமல் 1932-இல் எழுதி வெளியிட்டார். மூளையிலிருந்து இரைப்பைக்கு ஓடும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு அமிலம் பெருகுகிறது என்பது அவர் கணிப்பு. அந்தப் புண்ணுக்கு இன்றும் குஷிங் புண் என்றே பெயர். அதைத் தடுக்கத்தான் தலைக்காயக்காரருக்கு அந்த வயிற்று மருந்து.