நடுமரம் இழந்த கப்பல்

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த வணிகக் கப்பல்களுக்கு, நடுக்கடலைக் காட்டிலும் கரையோரமே அச்சம் தருவதாக இருந்தது. மசூலிப்பட்டினம் தொடங்கி நாகப்பட்டினம் வரையில் பெரிய கப்பல் புகுந்து ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாமையால், கப்பல்கள் கரையை விட்டு விலகித் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கு முழுவதும் மசூலாப் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டது. மசூலா என்பது ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுப்பதால், ஐரோப்பியரின் படகு நொறுங்கிப்போகும் இடத்திலும் அது கரைசேர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு புயலும் சேர்ந்துகொண்டால், நங்கூரக் கயிறு அறுந்த கப்பல் கரையில் மோதி உடைவதைத் தடுக்க வழியே இல்லை என்பதை அறிந்திருந்தும், சரக்கு நிரம்பும்வரை கிளம்ப மனம் வராமல் காத்திருந்து கெட்ட கப்பல்கள் பல.

அப்படிச் சிக்கிய கப்பல்களில் ஒன்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த 'ஆன்'. அதன் தலைவர் ராபர்ட் நாக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் பதின்வயதிலேயே அக்கப்பலில் தந்தையோடு இருந்தான். மகன் பிற்காலத்தில் எழுதிய நூல், கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய நாளை 1657 ஜனவரி 21 என்று குறிக்கிறது. அக்கால ஆங்கில வழக்கில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், இன்றைய கணக்கில் அது 1658 ஆகும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஓராண்டு தவறாக எழுதியவர்கள் உண்டு. சென்னைக் கோட்டையை அடைந்து, ஓராண்டு காலம் துறைதோறும் வாணிகம் செய்து முடித்து, ஊர் திரும்புவதற்கான சரக்கை மசூலிப்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, 1659 நவம்பர் 19 அன்று பெரும்புயல் தாக்கியது. பல கப்பல்கள் அழிந்தன. 'ஆன்' அழியவில்லை, ஆனால் அதன் நடுப் பாய்மரத்தை அதன் தலைவரே வெட்டிச் சாய்க்க நேர்ந்தது.

பாய்களை எல்லாம் சுருட்டிக் கட்டிய பிறகும், ஓங்கி நிற்கும் பாய்மரமும், பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமல்களும், வலைபோல் பின்னிய கயிறுகளும் காற்றைப் பிடித்துக் கப்பலைச் சாய்க்கும். அந்த இழுப்பு முழுவதும் நங்கூரக் கயிற்றின் மேல் விழும். கயிறு அறுவதா, மரம் விழுவதா என்ற நிலை வரும்போது மரத்தை விட்டுக்கொடுப்பது கப்பற்கலை கற்பித்த கடைசி வழி. அதுவும் எளிதான வேலையன்று. தளம் மேலும் கீழுமாக ஆடும்போது, மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும் கயிறுகளைக் கோடரியால் முறைப்படி அறுத்து, அது கப்பலின் மேல் விழாமல் கடலில் விழும்படி அடியில் வெட்ட வேண்டும். விழுந்த பின்னும் ஓரிரு கயிறுகள் அறுபடாமல் நின்றுவிட்டால், மிதக்கும் மரம் அலைக்கு அலை வந்து கப்பலின் விலாவை இடித்துத் துளைத்துவிடும். மரம் போன பின்னர் கப்பலின் ஆட்டம் குறையும் என்று கருதுவோர்க்கு வியப்பாகத் தோன்றலாம், உண்மையில் ஆட்டம் கூடும். உயரத்தில் இருந்த பளு நீங்கியதும் கப்பல் முன்னிலும் வேகமாக, வெட்டி வெட்டி உருளும். அந்த உருட்டலில் பலகைகளின் இடுக்குகளை அடைத்திருந்த கலப்பற்று, அதாவது நாரும் கீலும் சேர்த்து அடித்த அடைப்பு, இளகினால் நீர் உள்ளே புகும். இரவும் பகலும் முறைபோட்டு நீர் இறைக்கும் பொறியை இயக்க வேண்டும்.

நடுமரம் போவது மூன்று பாய்மரங்களில் ஒன்று போவதாகாது. கப்பலின் மிகப்பெரிய பாய் அதில்தான் இருக்கும். பின்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறு அதன் அடியில் கட்டப்பட்டிருக்கும். முன்மரத்தின் பருமல்களைத் திருப்பும் கயிறுகள் சிலவும் அதைச் சார்ந்தே ஓடும். கனத்த படகைத் தூக்கி இறக்குவதற்கும், தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றுவதற்கும் அதுவே துணை. அது இல்லாத கப்பலால் பின்காற்றில் ஓரளவு நகர முடியுமே ஒழிய, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதத்துக்கும் மேலாக ஓடி இங்கிலாந்தை அடைய முடியாது. பழுதற்ற கப்பலுக்கே அந்தப் பயணம் கொடியது: பீப்பாயில் நீர் பாசி பிடிக்கும், ரொட்டியில் வண்டு விழும், உப்பிலிட்ட இறைச்சியன்றி வேறு கறி இராது, காய்கனி இல்லாத உணவால் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளைத் தின்னும். ஒரு மாதத் தாமதம்கூடச் சில உயிர்களுக்குச் சமம்.

எனவே புதிய மரம் நாட்டியாக வேண்டும். அதற்கு வேண்டியவை இரண்டு: கடலோரத்திலேயே வெட்டத்தக்க நேரான பெருமரம், அலையில்லாத நீர். இரண்டு தூண்களைத் தலைப்பக்கம் சேர்த்துக் கட்டி, கால்களைத் தளத்தின் இருபுறமும் ஊன்றி நிறுத்தி, அந்தக் கவையிலிருந்து கப்பிகளால் மரத்தைத் தூக்கி, தளத்தின் துளை வழியே அடிக்கட்டை வரை இறக்கும் வேலையை ஆடும் கடலில் செய்ய இயலாது.  மதுரை நாயக்கர் நாட்டின் மேற்குப் பகுதியில் பழனி மலைத்தொடரில் நெடுமரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே வெட்டிய மரம் ஒன்றை மாடும் ஆளும் பூட்டிக் கீழ்க்கடற்கரை வரை இழுத்துச் செல்ல எத்தனை ஆற்றையும் எத்தனை பாளையத்தையும் கடக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஈழத்தின் கீழ்க்கரையிலோ காடு கடலோரம் வரை இறங்கி வந்திருந்தது. திருகோணமலைக்குத் தெற்கே, மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடா கப்பலைப் பழுதுபார்க்கத் தக்க இடம் என்று கருதப்பட்டது.

சென்னைக் கோட்டையின் தலைமை முகவராக இருந்த தாமஸ் சேம்பர்ஸ் அங்கேயே போகும்படி 'ஆன்' கப்பலுக்கு ஆணையிட்டார். அத்தோடு நிற்கவில்லை, மரம் நாட்டும் நாட்கள் வீணாகாமல் வாணிகமும் நடக்கட்டும் என்று, கொஞ்சம் துணியையும் பரங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் ஏற்றிச் செல்லச் சொன்னார். முடமான கப்பலிலிருந்தும் இலாபம் பார்க்கும் இந்தக் கம்பெனிப் புத்தி பின்னால் நேர்ந்ததற்கு ஓரளவு காரணம் என்று கொள்ள இடமுண்டு. அடைக்கலம் தேடி வந்த கப்பல் ஒன்றுக்கும், பீரங்கிகளோடு வந்து கேளாமல் கடைவிரித்த கப்பல் ஒன்றுக்கும் வேறுபாடு உண்டல்லவா?

கண்டியில் அப்போது ஆண்டவன் இரண்டாம் ராஜசிங்கன் (1635–1687). போர்த்துக்கீசரைத் துரத்துவதற்காக 1638-இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்ட அவன், 1656-இல் கொழும்பு வீழ்ந்ததும் கோட்டையைத் தன்னிடம் ஒப்படைக்காமல் ஒல்லாந்தரே வைத்துக்கொண்டதைக் கண்டு ஏமாந்தவன். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களப் பழமொழி குறிப்பது இதைத்தான். 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும், எதிர்க்கரையில் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் வசமாயின. கடற்கரை எங்கும் அந்நியர் கை ஓங்கியிருந்த வேளையில், தன் எல்லைக்குட்பட்ட குடாவில் ஐரோப்பியக் கப்பல் ஒன்று வந்து, மன்னனுக்கு ஓலையும் அனுப்பாமல், காணிக்கையும் வைக்காமல், 20 நாட்கள் மரம் வெட்டிக்கொண்டும் துணி விற்றுக்கொண்டும் இருந்தது. வந்தவர்களுக்கும் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. கரைக்குப் போவதும் திரும்புவதுமாக நாட்கள் வம்பில்லாமல் கழியவே, காசு கொடுத்தால் வேண்டியது கிடைக்கிறது என்ற நிம்மதியில் அந்த ஐயத்தைக் கைவிட்டனர்.

மன்னன் தன் திசாவை ஒருவரைப் படையோடு அனுப்பினான். திசாவை என்பவர் ஒரு மாகாணத்தின் ஆட்சியையும் படையையும் ஒருங்கே நடத்தும் அதிகாரி. மன்னனின் ஓலை கப்பல் தலைவர் கையில்தான் தரப்படும் என்ற செய்தி வந்ததும், நாக்ஸ் முதலில் தன் மகனையும் கப்பலின் வணிகப் பொறுப்பாளர் ஜான் லவ்லேண்டையும் கரைக்கு அனுப்பினார். அவர்கள் 12 மைல் உள்ளே இருந்த திசாவையின் பாசறைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பின்னர் தலைவரும் ஏழு பேரோடு கரையிறங்கி, ஆற்றோரத்துப் புளியமரத்தடியில் திசாவையின் வருகைக்காகக் காத்திருந்தபோது சூழ்ந்துகொண்ட வீரர்கள் அவர்களைப் பிடித்து, தலைவரைத் தூளியில் இட்டுத் தோளில் சுமந்தே கொண்டுபோயினர். 1660 ஏப்ரல் 4 அன்று நிகழ்ந்ததாக இது குறிக்கப்படுகிறது. நடந்தது கப்பலுக்குத் தெரியாது. ஆகவே மறுநாள் பெரிய படகின் ஆட்கள், நடுமரத்தின் மேற்பகுதியில் இருபுறமும் பதித்துப் பளுவைத் தாங்கச் செய்யும் கட்டைகளுக்காக மரம் ஒன்றை வெட்ட வழக்கம்போல் கரைக்கு வந்தனர். அவர்கள் எதிர்த்துப் போராடியதால், தலைவரைவிட முரட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்டனர். பாய்மர வேலை ஏறத்தாழ முடிவுறும் நிலையில் இருந்தது என்பதை அந்த ஒரு செய்தியிலிருந்து ஊகிக்கலாம்.

அடுத்துத் திசாவை குறிவைத்தது கப்பலை. குடாவில் நின்றால் ஒல்லாந்தர் கொளுத்திவிடுவார்கள், ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று நயமாக வற்புறுத்தினார். மறுக்கத் துணிவில்லாத தலைவர், திரும்பி வருவதாக உறுதி வாங்கிக்கொண்டு மகனையே கப்பலுக்கு அனுப்பினார். 19 வயது இளைஞன். கப்பலில் ஏறியபின் அங்கேயே இருந்துவிட்டால் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அவன் திரும்பி வந்தான், கையில் மாலுமிகளின் கடிதத்தோடு: இக்காரியத்தில் தலைவருக்கோ வேறெவருக்கோ கீழ்ப்படிவதில்லை, தற்காப்பில் நிற்பதென்றே தீர்மானித்துவிட்டோம் என்பது அதன் சாரம். கப்பல்களில் இத்தகைய பேச்சுக்குப் பெயர் கலகம். இங்கோ தலைவர் மனத்துக்குள் விரும்பியதும் அதுவே. நாட்கள் நீண்டன, கடற்பயணத்துக்குரிய பருவம் கழிந்துகொண்டிருந்தது. விடுதலை பற்றிய நம்பிக்கை தேய்ந்ததும், முதல் துணைவர் ஜான் பர்ஃபோர்டு பொறுப்பேற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பாய்விரிக்குமாறு நாக்ஸ் எழுதியனுப்ப, சீர்செய்யப்பட்ட கப்பல் அதைச் சீர்செய்ய வந்த தலைவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

சிறைப்பட்டவர்கள் மலைநாட்டில் ஊருக்கு ஒருவராகப் பிரிக்கப்பட்டனர். சங்கிலியும் இல்லை, சிறைக்கூடமும் இல்லை, ஊரார் முறைவைத்துச் சோறு போட வேண்டும் என்பது மன்னன் ஆணை. மாலத்தீவில் உடைந்த 'பெர்சியா மெர்ச்சண்ட்' என்ற மற்றோர் ஆங்கிலக் கப்பலின் 13 பேர் ஏற்கெனவே அந்நாட்டில் அவ்வாறே வைக்கப்பட்டிருந்தனர். நாக்ஸும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் இருந்தபோது இருவரையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. 1661 பிப்ரவரி 9 அன்று தந்தை இறந்தார். பிணத்தை எடுக்க உதவி கேட்டபோது ஊரார் கொண்டுவந்தது, செத்த மாட்டை இழுப்பதுபோல் கழுத்தில் கட்டி இழுக்கக் கயிறு ஒன்றைத்தான் என்று மகன் எழுதுகிறார். பிறகு கூலிக்கு ஆள் பிடித்துக் காட்டோரத்தில் புதைத்தனர்.

அப்போது உடனிருந்தவன் ஒரு கறுப்பு நிறச் சிறுவன். தலைவர் தனக்குப் பணிவிடை செய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த அவன், தன் எசமான் தன் நிறத்தவரிடமே கைதியானதைக் கண்டபின், விருப்பப்பட்ட வேலையை மட்டுமே செய்தான் என்று நாக்ஸ் குறைபட்டுக்கொள்கிறார். நூல் அவன் பெயரைச் சொல்லவில்லை. சரக்கோடு வந்த பரங்கிப்பேட்டை வணிகர்களும் கொட்டியாரத்தில் கரையிறங்கியதோடு கதையிலிருந்து மறைந்துபோகின்றனர். இங்கிலாந்தின் மாலுமிகள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார், எதை விற்றுப் பிழைத்தார் என்று கணக்கு வைத்த நூல் அது. தமிழ்க்கரையிலிருந்து அதே கப்பலில் ஏறியவர்களுக்கு அதில் ஒருசில வரிகளுக்கு மேல் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மகன் நாக்ஸ் குல்லாய் பின்னியும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், பொதி சுமந்து ஊரூராக விற்றும் பிழைத்தார். அந்தச் சில்லறை வாணிகமே வடக்குத் திசையில் வழிகளை அவருக்குப் பழக்கியது. 1679 செப்டம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு கிளம்பி, சிங்களம் அறியாத தமிழர் வாழ்ந்த அநுராதபுரத்தைக் கடந்து, ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு கைலாய வன்னியனின் நாட்டு ஓரமாக நடந்து, அக்டோபர் 18 அன்று மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மறு ஆண்டு இலண்டன் திரும்பினார். 1681-இல் இலங்கை பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. டேனியல் டீஃபோ அதைப் படித்து, 1720-இல் வெளிவந்த 'கேப்டன் சிங்கிள்டன்' புதினத்தில் இக்கதையைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில் அந்தப் புளியமரம் நின்றதாகக் கூறப்படும் இடத்தில் 1893-இல் ஒரு கல் நாட்டப்பட்டது. 'ஆன்' கப்பலின் தலைவர் ராபர்ட் நாக்ஸ் இங்கே பிடிபட்டு 19 ஆண்டுகள் கண்டி மன்னனின் கைதியாக இருந்தார் என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள். ஒரே பெயரால் வந்த குழப்பம் இது: மரத்தடியில் பிடிபட்ட தலைவர் பத்து மாதத்தில் இறந்துவிட்டார், 19 ஆண்டுகள் கைதியாக இருந்த மகனோ, அப்போது 12 மைலுக்கு அப்பால் திசாவையின் பாசறையில் இருந்தான்.