8.33: தீபாவளிப் பணத்தின் கதை

ஐப்பசி நெருங்கினால் நம் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, பட்டாசு மொத்த ஆர்டருக்குப் பெயர் கொடுக்கச் சொல்வது. மற்றது, "போனஸ் எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பிக்கும் ஃபார்வர்டு. நீங்களும் படித்திருப்பீர்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு முன் வாரக் கூலி, வருடத்துக்கு 52 வாரம், நாலு வாரம் ஒரு மாதம் என்று வைத்தால் 13 சம்பளம். மாதச் சம்பளம் வந்ததும் ஒரு சம்பளம் காணாமல் போனது. தொழிலாளர்கள் போராடி அந்த 13-ஆவது சம்பளத்தைத் தீபாவளி போனஸாகத் திரும்ப வாங்கினார்கள் என்பது கதை.

இரண்டு வருடத்துக்கு முன் நானே இதை நாலைந்து குழுக்களுக்கு அனுப்பினேன். பி.காம் படித்து, 30 வருடத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் கணக்கு சரியாக வருகிறதே என்று நம்பிவிட்டேன். 52-ஐ 4-ஆல் வகுத்தால் 13 வரத்தான் செய்யும். ஆனால் 1965-இல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தபட்ச போனஸ் எவ்வளவு என்று பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். 4 சதவீதம். அதாவது அரை மாதச் சம்பளம்கூட இல்லை. காணாமல் போன ஒரு மாதத்தைத் திருப்பித் தருவதற்கான சட்டம் ஏன் பாதிக்கும் குறைவாகத் தர வேண்டும்?

உண்மைக் கதை இவ்வளவு நறுக்கென்று இருக்காது. முதல் உலகப் போர் காலத்தில் பம்பாய் மில்களுக்கு நல்ல வியாபாரம். விலைவாசியும் ஏறியது. 1917-இல் மில் முதலாளிகள் கூலிக்கு மேல் 10 சதவீதம் "போர்க்கால போனஸ்" என்று கொடுத்தார்கள். அடுத்த வருடம் அது 15 ஆனது. போர் முடிந்தும் சில வருடங்கள் லாபம் நன்றாக இருந்ததால், வருடக் கடைசியில் ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தருவது வழக்கமானது. 1923-இல் வியாபாரம் படுத்தது. இந்த வருடம் போனஸ் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

1924 ஜனவரியில் பம்பாய் மில்கள் நின்றன. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி நார்மன் மக்லியாட் தலைமையில் கமிட்டி போட்டார்கள். வழக்கத்தின்படியோ, சட்டத்தின்படியோ, நியாயத்தின்படியோ போனஸைக் கேட்டு வாங்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. முதலாளி மனமுவந்து கொடுத்தது, கொடுக்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் அப்படிச் சொன்னாலும், கூலிக்காரர் வீட்டில் அந்தப் பணம் வருவதற்கு முன்பே செலவாகியிருந்தது. இதைச் சும்மா சொல்லவில்லை. 1929-இல் அமைத்து 1931-இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன் தொழிலாளர் நிலையை ஊர் ஊராகப் போய் விசாரித்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்குக் குறையாமல் கடனில் இருந்தன. கடன் பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் என்று எழுதியது. காரணங்களில் கல்யாணமும் பண்டிகையும் முன்னால் நின்றன. சம்பள நாளில் வட்டிக்காரர்கள் ஆலை வாசலில் தடியோடு நிற்பதையும் அறிக்கை சொல்கிறது. அப்படி நிற்பதைக் குற்றமாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

நம் ஊரில் தடி இல்லை, சைக்கிள் இருந்தது. கோயம்புத்தூர் மில் வாசலில் சம்பள நாளன்று கேரியரில் நோட்டைச் செருகிக்கொண்டு வரிசையாக நிற்கும் சைக்கிள்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். என் அப்பா ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். சங்கு ஊதியதும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய், அவரைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. புரட்டாசி பாதியிலிருந்தே டீக்கடையில் ஒரே பேச்சுதான். "உங்க மில்லுல எத்தன பர்சன்ட்டுங்க?" பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் மில்லின் பர்சன்ட்டைக் கேட்பார்கள். இன்று அந்த மில் நிலங்களில் பலவற்றில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. நம்மில் சிலர் பழைய பஞ்சுக் குடோன் இருந்த இடத்தில்கூடப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். 1950-இல் பம்பாயில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு கணக்கு வகுத்தது. லாபத்தில் தேய்மானம் போக, இயந்திரம் புதுப்பிக்க ஒதுக்கியது போக, முதலாளி போட்ட மூலதனத்துக்கு 6 சதவீதம் போக, மீதி இருந்தால் தொழிலாளிக்கும் பங்கு. எங்கள் வகுப்பில் வாத்தியார் கரும்பலகை முழுக்க எழுதிப் போட்ட கணக்கு இது. 1955-இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியது. போனஸ் தானமும் இல்லை, பின்தேதியிட்ட சம்பளமும் இல்லை. கூலி வாழ்வதற்குப் போதாமல் இருந்து, ஆலையும் லாபம் கண்டால் மட்டுமே கிடைப்பது என்றது. பிறகு 1961-இல் போனஸ் கமிஷன், 1965-இல் சட்டம். லாபமோ நஷ்டமோ குறைந்தது 4 சதவீதம், அதிகபட்சம் 20. நஷ்டத்திலும் கொடு என்று சொன்ன பிறகு அது லாபப் பங்கு எப்படி ஆகும் என்று முதலாளிகள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. சட்டம் தன்னை அறியாமலே என் அம்மாவின் கட்சிக்கு வந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவிடம் ஒரு நோட்டு உண்டு. நான் எழுதி முடித்த கோடு போட்ட நோட்டின் பின்பக்கங்கள். ஆடியிலேயே அதில் "போனசு" என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாக எழுதிவிடுவார். முதலில் மளிகைக் கடைப் பற்று. அடுத்து என் கல்லூரிக் கட்டணம். அப்புறம் துணி. எண்ணெய், கடலை மாவு, சர்க்கரை. பட்டாசு எப்போதும் கடைசி வரி. தொகை குறைந்தால் கீழிருந்து அடித்துக்கொண்டு வருவார். வேலை செய்து முடித்த வருடத்தின் பாக்கிப் பணம் அது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கொடுப்பவர் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

1972-இல் அந்த 4 சதவீதத்தை 8.33 ஆக்கினார்கள். 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.33 வரும். வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஃபார்வர்டுக் கதை பிறந்தது இந்த எண்ணிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு அப்போது மாதம் 300 ரூபாய் அளவில் சம்பளம். அவருடைய மில் குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கிற மில் இல்லை. ஆகவே தீபாவளிக்கு இன்னொரு 300 என்று எங்கள் வீடு பழகிக்கொண்டது.

1975-இல் நான் கல்லூரியில் சேர்ந்த வருடம். நெருக்கடி நிலை. செப்டம்பர் கடைசி வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் மறுபடி 4 சதவீதம். அதற்கடுத்த வருடங்களில் உபரி இல்லாத நிறுவனம் அதையும் தர வேண்டாம். தீபாவளிக்கு ஐந்தாறு வாரம்தான் இருந்தது. வீதியில் தவணைக்குத் துணி விற்பவரிடம் அம்மா ஏற்கனவே எல்லோருக்கும் எடுத்துவிட்டிருந்தார். கேட் மீட்டிங் இல்லை, ஸ்டிரைக் பேச்சு இல்லை. யாரும் வாயைத் திறக்கிற காலம் இல்லை அது. அப்பா 144 ரூபாயைக் கொண்டுவந்து சாமி படத்தின் முன் வைத்தார். அம்மா நோட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். பட்டாசு போனது, எண்ணெய் பாதியானது. துணியை அடிக்க முடியவில்லை, அது பெட்டியில் இருந்தது. என் கட்டணத்தை அடிக்கவில்லை. மறுநாள் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது.

1977-இல் ஆட்சி மாறி, குறைந்தபட்சம் 8.33 ஆகத் திரும்பியது. அந்தத் தீபாவளிக்குத்தான் தோடும் திரும்பியது. 1980 திருத்தத்தில் 8.33 நிரந்தரமானது. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே எண்தான் இருக்கிறது.

பின்னாளில் நகைக் கடன் கவுன்டரில் உட்கார்ந்தபோது இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் மீட்பு வரிசை படி வரைக்கும் நிற்கும். கார்த்திகை பிறந்ததும் அதே முகங்கள், அதே சங்கிலி, அடமானத்துக்கு. உறையின் மேல் எழுதிய எடைகூட மாறாது. நகை மூன்று வாரம் வெளியே காற்று வாங்கிவிட்டுத் திரும்பும். புதிதாக வந்த ஆபீசர் ஒருவர், "எதுக்கு இந்த வீண் வேலை, வட்டி நஷ்டம்" என்றார். மூன்று வாரத்தில் வட்டி நின்றது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஊர்ப் பெண்கள் முன்னால் காது மூடியிருந்தது என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அரசு ஊழியர் வீட்டில் கதை வேறு. அவர்களுக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. வட்டி இல்லை, 10 தவணையில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். 2020-இல் மத்திய அரசு 10,000 ரூபாய் இப்படித்தான் கார்டில் ஏற்றிக் கொடுத்தது. போனஸ் என்றால் போன வருடத்துப் பணம். முன்பணம் என்றால் வரப்போகிற பத்து மாதத்துப் பணம். கையில் வரும்போது இரண்டும் ஒரே மாதிரி மொறமொறவென்று இருப்பதுதான் கஷ்டம். நம் பிள்ளைகள் போனில் தட்டி வாங்கும் 12 மாத இஎம்ஐயும் இந்த இரண்டாவது ரகம்தான். தீபாவளிச் சீட்டு தனிக் கதை, அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

இத்தனையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்த வருடம் சங்கக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நம் செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் ஏஜென்சியின் மாத பில்லை வரி வரியாகப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 12,000. பிஎஃப், இஎஸ்ஐ, சர்வீஸ் சார்ஜ். நடுவில் ஒரு வரி: போனஸ் 8.33 சதவீதம், ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட 1,000 ரூபாய். மாதாமாதம் நீங்களும் நானும் மெயின்டெனன்ஸில் கட்டிவருகிறோம். வருடத்துக்கு ஓர் ஆளுக்கு 12,000.

நம் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். போன தீபாவளிக்கு ஏஜென்சி கொடுத்தது 2,000 ரூபாயும் அரைக் கிலோ இனிப்பும். வீட்டுக்கு 500 வசூலித்து நாம் கொடுத்தோமே, அதைத்தான் அவர்கள் பெரிய போனஸாக நினைத்துக்கொண்டு நமக்கு நன்றி சொன்னார்கள். மேடையில் உறை கொடுத்தபோது நாமும் கை தட்டினோம், போட்டோகூட எடுத்தோம். உங்கள் 500 ரூபாயைக் குறை சொல்லவில்லை. அது அன்பளிப்பு, தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் வரவேண்டியது வரவில்லை என்பதுதான் விஷயம்.

ஏஜென்சிக்காரரிடம் பேசினோம். ஆட்கள் வருவார்கள், போவார்கள், பாதியில் போனவர்களுக்குக் கிடையாது என்றார். ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு என்பது 1965-இலிருந்து இருக்கும் விதி. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு நவம்பர் கடைசி. தீபாவளி அதற்கு முன்பே வந்துவிடும். மூன்று முறை கடிதம் போக்குவரத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு 15 நாள் முன்பாக, அவரவர் வங்கிக் கணக்கில் முழுத் தொகை. வரவு வைத்த பட்டியல் வந்த பிறகுதான் அந்த மாத பில்லுக்குச் செக் போடுவது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்கும் இதே கடிதம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

ஒரு பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. போன வருடம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பி பிளாக் கேட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர், தேனிப் பக்கத்துக்காரர். மழை நாளில் குடையோடு கார் வரைக்கும் வந்து விடுவாரே, அவர்தான். அவருக்கு ஆறு மாதக் கணக்கில் 6,000 ரூபாய் வரவேண்டும். ஏஜென்சியிடம் இருக்கும் நம்பர் உபயோகத்தில் இல்லை. உங்களில் யாரிடமாவது அவருடைய இப்போதைய நம்பர் இருந்தால், இந்த வாரத்துக்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.