நாலு டிராக், ஒரு படுக்கையறை

முன்பெல்லாம் பாட்டைப் பதிவு செய்வது என்றால் மணிக்கணக்கில் காசு. ஸ்டூடியோவின் சுவர்க் கடிகாரம் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். டிரம்ஸ்காரர் ஒரு அடி பிசகினால் மொத்த இசைக்குழுவின் பர்ஸும் சேர்ந்து பிசகும். பணமில்லாத பையன்கள் கார் ஷெட்டில் வாசித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியதோடு சரி.

வீட்டிலேயே செய்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் லெஸ் பால் என்ற அமெரிக்க கிடார் மேதை. 1940-களில் தன் வீட்டு கராஜில், தான் வாசித்ததன் மேலேயே மறுபடி மறுபடி வாசித்து அடுக்கினார். டேப்கூட இல்லை, இசைத்தட்டில்! கடைசி அடுக்கில் தப்பு வந்தால் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1957-ல் ஆம்பெக்ஸ் கம்பெனியின் எட்டு டிராக் மெஷினை வாங்கினார். விலை பத்தாயிரம் டாலர். அந்தக் காலத்தில் அதற்கு அமெரிக்காவில் வீடே கிடைத்திருக்கும்.

சாமானியனுக்கு விடிவு 1979-ல், ஜப்பானிலிருந்து. டாஸ்காம் கம்பெனி 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர். உள்ளே போடவேண்டியது சாதாரண ஆடியோ கேசட். அதில் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று நாலு தடங்கள் உண்டல்லவா? நாலையும் ஒரே திசையில் உபயோகித்து, டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டினார்கள். அறுபது நிமிஷ கேசட்டில் பதினைந்து நிமிஷம்தான் பதியும். போகட்டும், தரம் கேட்கும்படி இருந்தது.

ஆனால் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நாலு டிராக் எப்படிப் போதும்? ஒன்றில் டிரம்ஸ், ரெண்டில் பேஸ், மூன்றில் கிடார். மூன்றையும் கலந்து நாலாவதில் கொட்டிவிட்டால் முதல் மூன்றும் மறுபடி காலி. டிரம்ஸ் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று மறுநாள் தெரிந்தால்? சாம்பாரில் விழுந்த உப்பு. எடுக்க முடியாது. நகல் எடுக்க எடுக்க 'உஸ்'ஸென்று இரைச்சல் வேறு.

இந்தப் பெட்டிக்குப் புகழ் தேடித் தந்தவர் காசில்லாத பையன் அல்ல; புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1980-ல் வந்த 'தி ரிவர்' ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாட்டு எழுதிக் காசைக் கரைத்தது போதும், வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று ஒரு போர்ட்டாஸ்டூடியோ வாங்கிவரச் சொன்னார். ஜனவரி 1982, நியூஜெர்ஸியில் வாடகை வீட்டின் படுக்கையறை. ரெண்டே ரெண்டு ஷூர் எஸ்.எம். 57 மைக். கிடார், மௌத் ஆர்கன், குரல். முடிந்ததும் ஒரு பழைய பானசோனிக் டேப் ரிகார்டரில் கலந்து எடுத்துக்கொண்டார். கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பிறகு நியூயார்க்கின் பெரிய ஸ்டூடியோவில், தன் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார். சில பாட்டுகள் சிலிர்த்து எழுந்தன. 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அப்படித்தான் பிறந்தது. 1984-ல் வெளியாகி உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியது. மற்றவை சுத்தமாக, கச்சிதமாக, உயிரில்லாமல் இருந்தன. கடைசியில் பாக்கெட் கேசட்டையே ஆல்பமாக்க முடிவு செய்தார். கேசட்டின் சத்தத்தை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் என்ஜினீயர்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. செப்டம்பர் 1982-ல் 'நெப்ராஸ்கா' வெளியாகி மூன்றாம் இடம் வரை ஏறியது.

அதன் பிறகு விலை சரிந்த கதை உங்களுக்கே தெரியும். 2000-ல் ஆடாசிட்டி, இலவசம். 2004-ல் ஆப்பிளின் கராஜ்பேண்ட். வின்ஆம்ப் எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் ரீப்பர், வீட்டு உபயோகத்துக்கு அறுபது டாலர். நாலு டிராக் போய், கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும்வரை டிராக். உப்பையும் திரும்ப எடுத்துவிடலாம். அதனால் என்னைக் கேட்டால், இன்று ஒரு குழு சாஃப்ட்வேருக்காக மண்டையை உடைத்துக்கொள்வது வீண். காசை மைக்குக்கும், எதிரொலிக்காத அறைக்கும் செலவழிக்கலாம். 1965-ல் அறிமுகமான அந்த எஸ்.எம். 57 இன்னும் விற்கிறது; ரெண்டு இன்புட் உள்ள ஒரு யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் போதும். டிரம்ஸை முதலில் ரெண்டு மைக்கில் பிடித்துவிட்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராக வரட்டும். ஜன்னலில் கனமான போர்வை ஒன்றும் தொங்கட்டும்.

குழுவோடு வாசித்த 'நெப்ராஸ்கா' பாட்டுகள் நாற்பத்து மூன்று வருஷம் பெட்டிக்குள் கிடந்தன. ரசிகர்கள் அதைப் புதையல் என்றே பேசி வந்தார்கள். 2025 அக்டோபரில் ஒருவழியாக வெளியிட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். பிரமாதமாக வாசித்திருக்கிறார்கள். நான் மறுபடி போட்டுக் கேட்பது என்னவோ அந்தப் படுக்கையறைக் கேசட்டைத்தான்.