ஜொகூரில் வேட்டைச் சட்டமும் நில உரிமையும்

வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவை துப்பாக்கியும் விலங்கும்தாம். ஆனால், மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் வேட்டை நடக்கும் நிலம். அந்த நிலம் யாருடையது, அதில் கால்வைக்க அனுமதி தருபவர் யார் என்ற கேள்விகள், விலங்கைச் சுடலாமா கூடாதா என்ற கேள்வியைவிடப் பல வேளைகளில் சிக்கலானவை. ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

பிரிட்டிஷார் காலத்தில் மலாயா ஒரே ஆட்சி அமைப்பின் கீழ் இருக்கவில்லை. நீரிணைக் குடியேற்றங்கள், ஐக்கிய மலாய் மாநிலங்கள், ஐக்கியத்தில் சேராத மலாய் மாநிலங்கள் என மூன்று பிரிவுகள் இருந்தன. ஜொகூர் மூன்றாவது பிரிவைச் சேர்ந்தது. ஆகவே காட்டு விலங்குகளைப் பற்றிய விதிகளும் எல்லைக்கு எல்லை மாறுபட்டன. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புலி வேட்டையில் பெரும் பேர் பெற்றவர். அக்காலத்தில் புலி வேட்டை வீரத்தின் அடையாளமாகவும், கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பாதுகாப்பாகவும் கருதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. யானையும் மானும் காட்டுப்பன்றியும் இளங்கன்றுகளைப் பாழாக்கின. விலங்குகளைச் சுட வேண்டும் என்றார்கள் தோட்டக்காரர்கள். அவை அடியோடு அழிந்துவிடும் என்று அஞ்சினார்கள் வேறு சிலர். இவ்வழக்கை ஆராய 1930ஆம் ஆண்டில் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைந்தது. அதனை நடத்திய தியோடர் ஹப்பேக், தாமே முன்னாளில் தோட்டக்காரராகவும் வேட்டைக்காரராகவும் இருந்தவர். அவருடைய அறிக்கை 1932இல் வெளியாயிற்று. அந்த 1930ஆம் ஆண்டுகளில்தான் ஜொகூரின் எண்டாவ் ஆற்றுப் பகுதியிலும் வனவிலங்குக் காப்பு நிலங்கள் ஒதுக்கப்பட்டன.

விடுதலையை ஒட்டி இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1955இல் மலாயா முழுமைக்குமான விலங்கு, பறவைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. 1957இல் வந்த அரசியலமைப்புச் சட்டம் அதிகாரங்களைப் பங்கிட்டது. இந்தப் பங்கீட்டைச் சற்று கூர்ந்து நோக்க வேண்டும். நிலமும் காடும் மாநில அரசின் பட்டியலில் சேர்ந்தன. காட்டு விலங்குகளைக் காப்பதோ கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பார்க்க வேண்டிய பொதுப் பட்டியலில் இடம்பெற்றது. எளிமையாகச் சொன்னால், காட்டில் திரியும் மானுக்கு இரு அரசுகளும் பொறுப்பு. மான் நிற்கும் மண்ணுக்கு மாநிலமே பொறுப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மாநில நிலத்தை வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில ஆட்சியாளரிடமே விட்டது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம் வந்துள்ளது. இன்று ஒருவர் ஜொகூரில் வேட்டைக்குப் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல் துறையின் உரிமம் வேண்டும். வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட விலங்கைச் சுட வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். பிறகு நிலத்தின் கேள்வி எழுகிறது. நிரந்தரக் காப்புக்காடு என்றால், 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி உள்ளே நுழையவே மாநில வனத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ரப்பர்த் தோட்டமோ செம்பனைத் தோட்டமோ என்றால், நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். ஓர் அனுமதி மற்றொன்றுக்கு ஈடாகாது. தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இது புதிய செய்தியன்று. காட்டுப்பன்றி எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், நிர்வாகத்துக்குத் தெரியாமல் துப்பாக்கியோடு தோட்டத்துக்குள் நுழைய முடியாது என்பதை அறிந்தவர்கள்தாம் நாம்.

எண்டாவ்-ரொம்பின் காட்டின் கதையும் இந்தப் பங்கீட்டையே காட்டுகிறது. ஜொகூரும் பகாங்கும் பகிர்ந்துகொள்ளும் காடு அது. 1977இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், நிலம் மாநிலத்துடையது என்பதால், அதனைக் கூட்டரசு தானாகவே தேசியப் பூங்காவாக்க இயலவில்லை. முடிவில் ஜொகூர் 1989இல் தன் சொந்தச் சட்டத்தின் வழி பூங்காக் கழகத்தை ஏற்படுத்தி, 1993இல் தன் பக்கத்துக் காட்டைப் பூங்காவாக அறிவித்தது.

இதுவரை உரிமம் கேட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேசினோம். உரிமம் என்ற சொல் பிறக்கும் முன்பே அக்காட்டில் வேட்டையாடியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஜகூன் என்னும் பூர்வகுடி மக்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, பூர்வகுடியினர் தம் குடும்பத்தின் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட விலக்கு அளித்துள்ளன. விலங்கைப் பற்றிய சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. நிலம் எங்கே என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை.

அந்த விடையை நீதிமன்றத்தில் தேட வேண்டியதாயிற்று. கோத்தா திங்கி வட்டாரத்தில் லிங்கியு ஆற்றின் குறுக்கே அணை கட்ட, ஜொகூர் அரசு 53,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை எடுத்துக்கொண்டது. சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நீர் வழங்கும் திட்டம் அது. ஜகூன் மக்களின் பழமரங்களுக்கும் பயிர்களுக்கும் இழப்பீடு தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் காட்டுப் பொருள் சேகரித்தும் வந்த காட்டுக்கோ இழப்பீடு இல்லை. ஜகூன் மக்கள் 52 பேர் வழக்குத் தொடுத்தார்கள். முதல் வாதியின் பெயரால் அது அடோங் வழக்கு எனப்படுகிறது.

1996இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் தீர்ப்பு வழங்கினார். மூதாதையர் காலம் முதல் நடமாடிய நிலத்தில் தடையின்றி நடமாடவும், அதன் விளைபொருளைக் கொண்டு வாழவும் அம்மக்களுக்கு உரிமை உண்டு. அதனைப் பறித்தால் ஈடு செய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நிலத்தின் உடைமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பு கூறவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் என முடிவாயிற்று. அத்தீர்ப்பை 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

பணம் வந்தது; நீருக்குள் போன காடு திரும்பவில்லை. மானைப் பிடிக்கலாம் என்று எழுதிய சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. மான் மேய்ந்த கரை லிங்கியுவின் அடியில் இருக்கிறது.

நேயர்களே, வேட்டைச் சட்டத்தை விலங்குகளின் பட்டியலாக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம். மறுபாதி நிலத்தின் சட்டத்தில் இருக்கிறது. ஒருவருக்கு வேட்டையாடும் உரிமை இருக்கிறது என்று கேள்விப்பட்டால், எந்த நிலத்தில் என்று நாம் அடுத்துக் கேட்க வேண்டும். ஜொகூரின் வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.